வியாழக்கிழமைக்கு இருபத்தைந்து மணி நேரம்

ராபின் அதுவரை பதினான்கு கால அட்டவணைகள் போட்டிருந்தான். அவற்றில் ஒன்றைக்கூட மூன்று நாள் சேர்ந்தாற்போல் கடைப்பிடித்ததில்லை.

எலவனாசூர்கோட்டையில் அவர்கள் வீட்டு முன்னறைச் சுவர் முழுக்க அவைதான். அடக்கவிலைக் கணக்கான காஸ்டிங்குக்குப் பச்சை, தணிக்கைக்கு ஆரஞ்சு, நிதி மேலாண்மைக்கு ஊதா என்று சார்ட் பேப்பரில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டி வைத்திருப்பான். சி.ஏ. இன்டர் தேர்வின் இரண்டாவது குரூப்பில் தோற்றாலும், போட்ட அட்டவணை உடைந்தாலும் இரண்டு நாள் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பான். மூன்றாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டுப் புது சார்ட் வாங்கக் கிளம்பிவிடுவான். வரைந்து முடிக்க ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் ஏதோ படித்துவிட்ட மாதிரியே மனது நிறைந்திருக்கும். அதன்பின் புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்தில் மூடிவிடுவான்.

முழு நேரமும் படிக்க வேண்டும் என்றுதான் ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டான். விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. காலையில் எழுந்தால் அந்த அறையின் நாற்றமே அவனுக்கு முதலில் தெரியும். நேற்றைய டீ டம்ளரில் எறும்பு மிதக்கும். ஸ்கெட்ச் பேனா வாடையும் வியர்வை ஊறிய தலையணை வாடையும் கலந்து கிடக்கும். அவனுடைய அம்மா உபகாரமேரி சத்துணவுக் கூடத்தில் சமைக்கப் போகுமுன் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஜன்னலயாவது தொறயேன்டா" என்பாள். அவன் திறக்க மாட்டான். வெளிச்சம் வந்தால் மணி தெரிந்துவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், முதல் குரூப்பை அவன் ஒரே மூச்சில் எழுதித் தேறியவன். அதைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். அறியும்படி செய்தவர் ராஜாங்கம்.

ராஜாங்கம் கள்ளக்குறிச்சியில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் பயிற்சி மையம் நடத்திவந்தார். அங்கே இரண்டாவது குரூப் வகுப்பில் சேரப்போன ராபினின் நோட்டுக்குள் மடித்துவைத்திருந்த அட்டவணையைப் பார்த்து அவர் சொக்கிப் போனார்.

"இன்னாப்பா இது, கோலம் மாரி கீது. முதல் குரூப்புக்கும் இப்பிடித்தான் பிளான் போட்டு படிச்சியா?"

ராபின் ஒரு கணம் தயங்கினான். பிறகு, "ஆமா சார்" என்றான்.

அவ்வளவுதான் அவன் சொன்ன பொய். மறுவாரமே முதல் குரூப்புக்கென்று ஒரு நூற்றிருபது நாள் திட்டம் போட்டுத் தரச் சொன்னார் ராஜாங்கம். அதற்குப் பதிலாக வகுப்பில் கட்டணமில்லாமலே உட்கார்ந்துகொள்ளலாம். ஒரு மத்தியானத்தில் ராபின் அதைப் போட்டுக் கொடுத்தான். மேல்மூலையில் அவன் படத்தை ஒட்டி, 'முதல் முயற்சியிலேயே வென்ற ராபின் பின்பற்றிய திட்டம்' என்று அச்சிட்டு, லேமினேட் செய்து, சேருகிற ஒவ்வொருவருக்கும் கையில் ஒன்று கொடுத்தார்கள். வகுப்புக்குப் போகும்போதெல்லாம் பையன்களும் பெண்களும் அவனை ஒரு மாதிரி மரியாதையோடு பார்ப்பார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. பின்னாளில் நினைத்து நினைத்துக் கூசிப் போனது அந்தப் பிடித்தத்தைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து அவன் படுத்திருந்தபோது, வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது. முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் துணிப்பை. கண்ணைச் சுற்றிக் கருவளையம். திருநாவலூரிலிருந்து வருவதாகவும், பெயர் கமலா என்றும், ராஜாங்கம் சாரிடம் ஞாயிறு வகுப்புக்குப் போவதாகவும் சொன்னாள். உளுந்தூர்பேட்டையில் ஒரு வரி ஆலோசகரிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். இந்தத் தேர்வுக்காக அந்த வேலையை விட்டிருக்கிறாள்.

உபகாரமேரி டீ போட்டுக் கொடுத்தாள். கமலா பையிலிருந்து லேமினேட் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வூடு தேடி வந்துட்டேன்னு தப்பா நெனைக்காதீங்க தம்பி. ஒரு சந்தேகம். இத்த வச்சித்தான் பத்தொம்போது நாளா படிச்சிக்கினு இருக்கேன்."

"கேளுங்கக்கா."

"வியாழக்கெழம மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது. எப்பிடிப் பண்ணாலும் ஏதோ ஒண்ணு மிச்சம் நின்னுடுது. நான்தான் மந்தமா கீறேன்னு நெனைச்சேன். அப்பறம் நேத்து கூட்டிப் பார்த்தேன். நீங்களே ஒரு தபா கூட்டிப் பாருங்க."

அட்டையை நீட்டினாள். ராபின் கூட்டினான். அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் ஆறு மணி நேரம். கம்பெனி சட்டம் நான்கு. வரி நான்கு. பழைய வினாத்தாள் மூன்று. திருப்புதல் இரண்டரை. தூக்கம் ஐந்து. குளியல், உணவு எல்லாம் சேர்த்து அரை மணி.

மறுபடியும் கூட்டினான். இருபத்தைந்து.

"இருவத்தஞ்சு வருதில்ல?" என்றாள் கமலா. அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரல்தான் இருந்தது. "நீங்க அத எப்பிடி சமாளிச்சீங்கன்னு கேக்கலாம்னு வந்தேன். ரெண்டு பாடத்த ஒண்ணா சேத்துப் படிச்சீங்களா?"

காதுமடல் சுட்டது அவனுக்கு. இந்த அட்டையை எத்தனையோ பேர் வாங்கிப் போனார்கள். எல்லோரும் கணக்குப் படிக்கிறவர்கள். ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. இவள் ஒருத்தி கூட்டிப் பார்த்தாள். பார்த்த பிறகும் தப்பு தன்னிடம்தான் என்று நினைத்துப் பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"காத்தால சாப்பாட்டுக்கு இதுல நேரமே இல்லியேக்கா. நீங்க..." என்று இழுத்தான்.

"நான் சாப்பிடறதில்ல தம்பி. நீங்களும் அப்பிடித்தான் படிச்சிருக்கீங்கன்னு விட்டுட்டேன்."

அறைக்குள்ளிருந்து பழைய டீயின் புளித்த வாடை வந்தது.

"அக்கா, நான் இப்பிடிப் படிக்கல."

"எது, வியாழக்கெழமயா?"

"எந்தக் கெழமையும். இது சும்மா உக்காந்து போட்டது. ஒரு நாளு கூட நான் இதும்படி இருந்ததில்ல."

கமலா டம்ளரைக் கீழே வைத்தாள். பாதி டீ அப்படியே இருந்தது. உபகாரமேரி முந்தானையால் கையைத் துடைத்தபடி மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொண்ண வெள்ளிமலைக்கு அனுப்பிட்டேன் தம்பி" என்றாள் கமலா. "எங்க தங்கச்சி அங்க நர்ஸா கீது. ரெண்டாங்கிளாஸ் படிக்கிற புள்ள. இதுல ஞாயித்துக்கெழமைக்கும் மாதிரித் தேர்வு போட்டிருந்தீங்களா, அதனால மலைக்குப் போயி பாக்கக்கூட இல்ல. போன் பண்ணா பேச மாட்டேங்குது."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. அட்டையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ராபின் பின்னால் இரண்டடி போனான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இப்பிடித்தான் படிச்சேன்னு ஏன்டா சொன்னே அந்த ராஜாங்கத்துகிட்ட?" என்று அம்மா கேட்டாள். அவன் உள்ளே போய்ச் சுவரிலிருந்த சார்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்தான். டேப்போடு சுண்ணாம்பும் பெயர்ந்து அவன் தலையில் கொட்டியது. பச்சை, ஆரஞ்சு, ஊதா எல்லாம் கசங்கித் தரையில் கிடந்ததைப் பார்க்கப் பார்க்க, தன் வாந்தியைத் தானே பார்ப்பது போல இருந்தது. இரண்டு வருடம் உட்கார்ந்து அவன் செய்த ஒரே வேலை அது.

மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் போனான். ராஜாங்கம் கால்மேல் கால் போட்டுக்கொண்டு போண்டா தின்றுகொண்டிருந்தார். விரலெல்லாம் எண்ணெய். அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"இருவத்தஞ்சா வருது? அட. ஒரு மணி நேரந்தான, திருப்புதல்ல கம்மி பண்ணிடலாம்" என்றார்.

"சார், அது முழுக்கவே பொய்யி. நான் அப்பிடிப் படிக்கல."

"தெரியும்பா."

ராபினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா?"

"பதினெட்டு மணி, பத்தொம்போது மணி எவன் படிப்பான்? படிக்க வரதுங்களுக்கு மெரட்சி கீது. எதையாவது கையில புடிச்சிக்கணும் அதுங்களுக்கு. புடிச்சிக்கினு போவட்டும். தேறலன்னா, திட்டப்படி படிக்கலன்னு அதுங்களே ஒத்துக்கும். நம்மள ஒருத்தன் கேக்க மாட்டான்." எண்ணெய் விரலைச் செய்தித்தாளில் துடைத்தார். "நீ இன்னாத்துக்கு வருத்தப்பட்றே? உன் பேரு நல்லாத்தான கீது."

அந்த முகத்தில் கொஞ்சமாவது கள்ளத்தனம் தெரிந்திருந்தால் ராபினுக்கு அத்தனை அருவருப்பு வந்திருக்காது. அது உறவுக்காரரின் முகம் மாதிரி அன்பாக இருந்தது. போண்டா ஒன்றை எடுத்து அவன் பக்கம் நகர்த்தவும் செய்தார் அவர்.

அவன் எழுந்து அடுத்த அறைக்குப் போனான். வரி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் நிறுத்திவிட்டு வழிவிட்டார். வென்றவன் ஏதோ ஊக்கமாகப் பேசப் போகிறான் என்று நினைத்திருப்பார். ராபின் நின்ற இடத்திலேயே சொன்னான். அந்த அட்டை பொய். வேலை பார்த்துக்கொண்டே, கிடைத்த நேரத்தில் படித்துத்தான் அவன் முதல் குரூப்பில் தேறினான். முழு நேரம் உட்கார்ந்த பிறகு மூன்று முறை தோற்றிருக்கிறான். வியாழக்கிழமையைக் கூட்டிப் பாருங்கள்.

யாரோ ஒருவன் செல்போனை எடுத்துக் கூட்டினான். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அபிநயா என்ற பெண், நன்றாகப் படிக்கிறவள் என்று பெயரெடுத்தவள், கை தூக்கினாள்.

"அப்ப நெசமான டைம்டேபிள் வேற இருக்காண்ணா? அத்த குடுங்க."

"அப்பிடி ஒண்ணு இல்லம்மா."

"குடுக்க இஷ்டமில்லன்னா விட்டுடுங்க" என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் அவனைப் பார்த்த பார்வையில், தானே மேலே ஏறி ஏணியை இழுத்துக்கொண்டவனைப் பார்க்கிற வெறுப்பு இருந்தது. அவன் படியிறங்கி வந்து கடைவாசலில் நின்று காறித் துப்பினான். யார்மேல் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்துத் திருநாவலூருக்குப் போனான். போகவேண்டாம் என்றுதான் அவன் நினைத்தான். அம்மா விடவில்லை. "அந்தப் பொண்ணு வூட்டு வாசல்ல போயி நின்னுட்டு வா. அவ கேக்கறத கேட்டுட்டு வா" என்று துரத்தினாள்.

கமலாவின் வீட்டில் அவள் கணவன் தமிழரசன் கரும்பு வெட்டு ஆட்களோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தான். ராபின் யாரென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பெண் இலக்கியா மலையிலிருந்து திரும்பி வந்திருந்தாள். கூடத்தில் தன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தாள். கமலா, "வாம்மா, தல சீவி வுடறேன்" என்று சீப்பை எடுத்தாள். குழந்தை வரவில்லை. "சித்திதான் நல்லா சீவும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டது. கமலா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"வந்து பன்னண்டு நாளாச்சி" என்றாள். "ராத்திரி அவங்கப்பா பக்கத்துலதான் படுக்குது."

ராபின் தலைகுனிந்து நின்றான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் எச்சில் பண்டம் மாதிரி வாயில் ஒட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. அவள்தான் கேட்டாள்.

"முதல் குரூப்பு எப்பிடித்தான் படிச்சீங்க? நெசத்த சொல்லுங்க."

சொன்னான். எலவனாசூர்கோட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி போகிற பஸ்ஸில் சட்டம் படித்தது, ஆபீஸில் சாப்பிட்ட பின் ஆளில்லாத நேரத்தில் ஒரே ஒரு கணக்குப் போட்டது, சாயங்காலம் அதையே தப்பில்லாமல் வரும்வரை இன்னொரு முறை போட்டது. ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம் வந்திருந்தால் அதிகம்.

"இத்த அட்டையில போட்ருக்கலாமே" என்றாள் அவள்.

"போட்டா யாரும் நம்ப மாட்டாங்கன்னு நெனைச்சேங்கக்கா. அசிங்கமா இருந்திச்சி. மூணு மணி நேரம் படிச்சேன்னு சொல்லிக்க."

கமலா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. புளித்த மோரைக் குடித்தவள் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தாள். அவனை உட்காரச் சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் ராபின் கள்ளக்குறிச்சியிலேயே வேறொரு ஆடிட்டரிடம் வேலைக்குச் சேர்ந்தான். ஜனவரித் தேர்வில் மறுபடியும் குரூப் போய்விட்டது. ஆனால் காஸ்டிங்கில் அறுபதைத் தாண்டி அறுபத்து நான்கு வாங்கியிருந்ததால் அந்தத் தாளை இனி எழுத வேண்டியதில்லை என்றாகிவிட்டது. அந்த முறை அவன் போர்த்திப் படுக்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு தாளை மே மாதம் எழுதித் தேறினான். உபகாரமேரி கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, "இனிமேலாவது வாயத் தொறந்து உண்மய பேசு" என்றாள். வேறு வாழ்த்து எதுவும் அவளிடமிருந்து வரவில்லை.

கமலாவும் அதே மே மாதம் முதல் குரூப்பை முடித்திருந்தாள். அதை அவள் அவனுக்குச் சொல்லவில்லை. ஆபீஸில் யாரோ பேசிக்கொண்டதை வைத்துத்தான் தெரிந்துகொண்டான்.

ஆடியில் ஒருநாள் உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் அவளைப் பார்த்தான். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்காரலாம் என்று அர்த்தம். இரண்டாவது குரூப்பில் எந்தத் தாள் கடினம் என்று கேட்டாள். சொன்னான்.

"உங்க மேல கோவம் இன்னும் போவல தம்பி" என்றாள் திடீரென்று, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "பாஸ் பண்ணா போயிடும்னு நெனைச்சேன். போவல."

"போவவேணாங்கக்கா" என்றான் ராபின்.

கண்டக்டர் வந்தார். அவரவர் டிக்கெட்டை அவரவர் வாங்கிக்கொண்டார்கள்.