பாடகர் குழு டேப்லெட்டில் லினக்ஸ் போட்டவன் நான்தான்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் திருவிழாப் பூசையில், ஒருவர் பாட சனங்கள் திருப்பிப் பாடும் பதிலுரைப் பாடல் பாதியில் நின்றுபோனது.

ராயபுரத்தில் பூசைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பாடகர் குழுவிடம் ஒரு குட்டி லேப்டாப் இருக்கிறது. கீபோர்டிலிருந்து திரையைக் கழற்றினால் டேப்லெட். அதை ஸ்டாண்டில் வைத்துப் பாட்டு வரிகளைப் பார்த்துப் பாடுவார்கள்.

விண்டோஸ் ரொம்ப ஸ்லோ. முதல் மணி அடிக்கும்போது ஆன் செய்தால் பிரசங்கம் முடியும்போதுதான் திறக்கும். (ஃபாதர் பிரசங்கத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு நேரம் என்று புரியும்.)

நான் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். படிப்பு பத்தாவது. யூடியூபில் மட்டும் டாக்டர் பட்டம்.

பழைய மிஷினுக்கென்றே விண்டோஸுக்குப் பதிலாக லைட்வெயிட் லினக்ஸ் இருக்கிறது, இலவசம், போட்டால் பறக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அடுத்த பாட்டுப் பயிற்சியிலேயே நான் போட்டுத் தருகிறேன் என்று கையைத் தூக்கிவிட்டேன்.

பாட்டு ஃபைல்களை எல்லாம் முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்தேன். (அந்த அளவு விவரம் உண்டு!)

லேப்டாப்பில் இருப்பதோ ஒரே ஓட்டை. அதில் ஒரு கேபிள், கேபிளில் ஒரு ஹப், ஹப்பில் மவுஸ், லினக்ஸ் ஏற்றிய இன்னொரு பென்டிரைவ் என்று அதற்கு வால் முளைத்தது.

உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. அழி ராஜா என்று தட்டிவிட்டேன்.

லினக்ஸ் வந்தது. படுத்துக்கொண்டு வந்தது. மேலே இருக்க வேண்டியதெல்லாம் பக்கவாட்டில்.

என் மனைவி ரோஸி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா, கம்ப்யூட்டருக்கு ஜொரமா? படுத்துகினு கீது?"

கழுத்தைச் சாய்த்துக்கொண்டே நெட்டில் தேடி, எவரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்த வரிகளைப் பார்த்து அப்படியே அடித்தேன். நிமிர்ந்தது. ஆன் செய்தால் சட்டென்று திறந்தது. பாட்டுகளைத் திரும்ப ஏற்றி ஒன்றைத் திறந்தேன். தமிழ் பளிச்சென்று தெரிந்தது.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். பாடகர் குழுவே கைதட்டியது.

என் மகள் ஷீபா பதினொன்றாவது படிக்கிறாள். பதிலுரைப் பாடலைத் தனியாகப் பாட அவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இந்தத் திருவிழாதான். வீட்டில் மாசக்கணக்காக அதே பேச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நைனா, என் பாட்ட ஒரு வாட்டி தொறந்து பாத்துக்கறேன்."

நான் வால்பேப்பர் மாற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

"அல்லாம் செக் பண்ணிட்டேன். நீ கை வெக்காத."

மறுநாள் பூசையில் அவள் ஏறி நின்று திரையைத் தட்டியபோது, ஆண்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்தது அவள் முகத்தை மட்டும்தான். அங்கே தமிழே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடந்திருக்கிறது.

பல்லவி மனப்பாடம். பாடினாள். சனங்கள் திருப்பிப் பாடினார்கள். அடுத்து சரணம் வர வேண்டும். வரவில்லை. கீபோர்டு வாசிப்பவர் அதே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்தார். அவள் பல்லவியையே இன்னொரு முறை பாடிவிட்டு இறங்கி வந்தாள்.

பூசை முடிந்து வாசலில் ஃபாதர் என்னிடம் தன்மையாகத்தான் கேட்டார். பாடகர் குழுவை நடத்தும் மேரி அக்காவும் கூட இருந்தார்.

"என்ன ஆச்சு? டேப்ல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல ஃபாதர், டேப் சூப்பரா கீது. பாப்பாதான் பதட்டத்துல எதையோ மாத்தி அமுக்கிடுச்சு போல."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் அதுவாகச் சொன்னது.

திரும்பினால் ஷீபா. டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள்.

சின்னப் பிள்ளை பதறுகிறாள், கொஞ்ச நாள் வேறு யாராவது பாடட்டும் என்று மேரி அக்கா அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து எல்லாப் பாட்டையும் திறந்தேன். நான் செக் செய்தது புதிதாகப் போனில் அடித்த பாட்டு. மற்றதெல்லாம் பழைய காலத்துத் தமிழ் ஃபான்ட்டில் அடித்தவை; அது இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். அந்த ஃபான்ட் நான் அழித்த விண்டோஸோடு போய்விட்டது. பாட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு எழுத்தை அழித்திருக்கிறேன்!

இங்கே போஸ்ட் போட்டுக் கேட்டதும் ஒரு நண்பர் அந்த ஃபான்ட்டை அனுப்பினார். போட்டதும் எல்லாம் தமிழாகிவிட்டது. நன்றி நண்பரே. ஆனால் நான் வாசலில் சொன்னதைச் சரிசெய்ய ஃபான்ட் எதுவும் இல்லை.

நேற்று வேலை முடிந்து நேராக ஃபாதரைப் பார்க்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை விஷயம் என்று ஆரம்பித்ததுமே சிரித்தார்.

"அதுக்கா வந்தீங்க? பாப்பா அன்னிக்கே வந்து சொல்லிட்டுப் போச்சே. நான்தான் தப்பா அமுக்கிட்டேன், மன்னிச்சுக்கங்க ஃபாதர்னு."

எனக்கு உட்காரவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. ஒருவழியாக உண்மையைச் சொன்னேன். ஃபாதர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மேரி அக்காவிடமும் நீங்களே சொல்லுங்கள் என்றார்.

வீட்டில் ஷீபா பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஏன் அப்படிப் போய்ச் சொன்னாய் என்று கேட்டேன். நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"நா அமுக்கலன்னு சொன்னா, நீ பொய் சொன்னன்னு ஆய்டும்ல நைனா."

ரோஸி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை இங்கே எழுத முடியாது.

மேரி அக்கா, இன்று காலை போனில் உங்களிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அன்று கோயிலில் இருந்த எல்லோரும் ஷீபாவைத்தானே பார்த்தார்கள்? அதனால்தான் இதைப் பொதுவில் போடுகிறேன்.

பாட்டை அவளுக்கே திருப்பிக் கொடுங்கள். அவள் பதறுகிற பிள்ளை இல்லை.

அன்றைக்கு அந்தக் கோயிலில் பதறியது ஒரே ஆள்தான். ஆண்கள் பக்கம், நீலச் சட்டை.