மேனேஜரின் திருட்டு முழி

செய்யாத குற்றத்துக்கு ஒருவர் உங்களைப் பார்த்துக் கத்தினால், உங்கள் முகம் நிரபராதியின் முகமாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியுமா? முடியாது. பயந்த முகத்தைக் குற்றவாளியின் முகமாக எடுத்துக்கொண்டு தண்டனை கொடுப்பது நமக்குப் பழகிப்போன அநியாயம். மெக்கானிக்கம்மா வீட்டிலும் அது நடந்தது.

மெக்கானிக்கம்மா பதினெட்டு வருடமாகத் தையல் மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். நூல் அறுகிறது என்று யாராவது மெஷினைத் திட்டினால், "எந்தக் கிழமையிலேருந்து?" என்றுதான் முதலில் கேட்பார். பாதி நேரம் மெஷின் மேல் தப்பே இருக்காது. அன்றைக்கு யாரோ ஊசியை மாற்றியிருப்பார்கள்.

வீட்டில் ஐந்து வயது நாய். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே மேற்பார்வை பார்ப்பதால் பெயர் மேனேஜர். அதுவரை ஒரு துரும்பைக்கூடக் கடிக்காத மேனேஜர், இரண்டு மாதமாக மேஜைக்கால், தலையணை, கதவின் அடிச்சட்டம் என்று எல்லாவற்றையும் பதம் பார்த்தது. சாயங்காலம் வேலை முடிந்து வரும் கணவர், கடிபட்டதை எடுத்து அதன் மூக்குக்கு நேராக நீட்டி நாலு போடு போடுவார்.

"தப்பு பண்ணது அதுக்கே தெரியுது. திருட்டு முழி முழிக்குது பாரு! நம்மளைப் பழி வாங்குது."

"பழி வாங்க நாம என்ன அதோட சொத்தையா எழுதி வாங்கிட்டோம்?"

"நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்தே. ஞாயித்துக்கிழமை குடோன்காரன் வரான். அங்க சங்கிலியில கிடந்தா புத்தி வரும்."

குடோன்காரர் கணவரின் நண்பர். அவருடைய வாசலில் கட்டப்பட்ட நாய் எதுவும் பிறகு அவிழ்க்கப்பட்டதில்லை. கையில் இருந்தது நான்கே நாள்.

மெக்கானிக்கம்மா மேனேஜரை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பல்லைக் காட்டினார். பல்லில் கோளாறு இல்லை. பிறகு காலண்டரை எடுத்து, கடிபட்ட நாட்களையெல்லாம் ஞாபகப்படுத்திப் புள்ளி வைத்தார். விஷயம் பிடிபட்டது. ஆனால் கணவரிடம் வெறும் வாயால் சொன்னால் எடுபடாது.

சனிக்கிழமை கணவர் கிளம்பிய பிறகு, அவருடைய புதுச் செருப்பைக் கட்டிங் பிளேயரால் கடித்துக் குதறினார். அதைக் கூடத்தின் நடுவில் போட்டுவிட்டு, மேனேஜரைக் கையோடு வேலைக்குக் கூட்டிப் போய்விட்டார்.

சாயங்காலம் இருவரும் திரும்பியபோது கணவர் செருப்பும் கையுமாக நின்றிருந்தார்.

"டேய்!"

மேனேஜரின் காது மடங்கியது, வால் காலிடுக்கில் ஒடுங்கியது, உடம்பு கட்டிலுக்கு அடியில் புகுந்தது.

"பாத்தியா! அதே முழி!"

"காலையிலேருந்து அது என் காலடியிலதாங்க கிடந்துச்சு. கடிச்சது இது" என்று பிளேயரை நீட்டினார். "பழைய செருப்புன்னா உங்களுக்கு இவ்ளோ கோவம் வராதுன்னுதான் புதுசை எடுத்தேன்."

கணவர் பிளேயரைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். "உன் மூஞ்சியில மட்டும் குத்தமே தெரியலையே!"

"எனக்கு உங்ககிட்ட பயம் இல்லையே. இப்ப இதைப் பாருங்க."

காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு புள்ளிகூட இல்லை. முதல் புள்ளி, கணவர் நைட் ஷிப்டிலிருந்து பகல் ஷிப்டுக்கு மாறிய திங்கட்கிழமை. அதற்கு முன்பு பகலெல்லாம் அவர் கட்டிலில் தூங்குவார். மேனேஜர் அவர் காலடியில் தூங்கும். இப்போது எட்டிலிருந்து ஐந்து வரை பூட்டிய வீட்டில் அது தனியாகக் கிடக்கிறது.

"அப்போ என்னைத் தேடித்தானா?" கணவர் குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினார். அது வெளியே வர வெகு நேரம் பிடித்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் குடோன்காரர் கொண்டுவந்த சங்கிலி வந்த வழியே திரும்பியது. இப்போது விடிந்ததும் கணவர் மேனேஜரை முக்கால் மணி நேரம் நடத்திக் கூட்டிப் போகிறார். பகலில் கடிக்க முடிச்சுப் போட்ட தடிக்கயிறு இருக்கிறது. அதைக் கடித்தால் பாராட்டு. மத்தியானம் எதிர்வீட்டு அக்கா சாவியோடு வந்து ஒரு சுற்று வெளியே கூட்டிப் போகிறார். செருப்புகள் அலமாரிக்குள் ஏறிவிட்டன. ஒரே நாளில் திருந்திவிடவில்லை. அடுத்த வாரம் ஒரு துடைப்பம் காலி. யாரும் கை ஓங்கவில்லை. அதற்குப் பிறகு புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன.

உங்கள் வீட்டிலும் ஒரு மேனேஜர் இருந்தால், கையில் எடுத்த குச்சியைக் கீழே போடுங்கள். காலண்டரை எடுத்து, எந்தக் கிழமையிலிருந்து என்று பாருங்கள்.