கொக்கத்தடியின்ரை வாய்

…இல்லையடி, அந்தக் கலியாணம் குழம்பினது பொம்பிளைப் பகுதியாலை இல்லை. மாப்பிள்ளையின்ரை தாய்தான் வாயை விட்டவ. நான் வேலிக்கு இஞ்சாலை நிண்டு கேட்டனான். சரி, அது கிடக்கட்டும். நீ உதிலை இரு. என்ரை மகளை வேலையாலை நிப்பாட்டிப் போட்டினம் எண்டு உனக்கு ஆரோ சொல்லியிருக்கினம், என்ன? நேற்றுக் கோயிலடியிலை நீ என்னைப் பார்த்த பார்வையிலையே விளங்கிச்சுது. நிப்பாட்டேல்லை. இண்டைக்குத்தான் முடிவு. அதுதான் நான் போனை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிறன்.

கேள். மகள் கமக்காரர் சங்கத்திலை கொம்பியூட்டரிலை இருக்கிறவள். ஆருக்கு விதைக் கிழங்கு, ஆருக்கு விதை வெங்காயம் எண்டு பேருக்கு நேரை அமத்திப் பதியிற வேலை. அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகுது. டொக்குத்தர் கண்ணுக்கு மருந்து விடச் சொன்னவர். மங்கல் இனிக் கூடிக்கொண்டு போகாது, ஆனால் கண் பழையபடி வராது எண்டிட்டார். அவளுக்கு எழுத்துத் தெரியுது. உந்த மவுஸை அசைக்க ஸ்கிறீனிலை ஒரு அம்பு ஓடுமே, அதுதான் தெரியேல்லை. வெள்ளைத் தாளிலை வெள்ளை அம்பு. சுண்ணாம்புச் சுவரிலை கொக்கு இருந்த மாதிரி.

போன கிழமை பக்கத்து வரியிலை அமத்திப்போட்டாள். வெங்காயம் கேட்ட மனிசனுக்குக் கிழங்கு ஏத்திப் போச்சுது. அந்தாள் லாண்ட்மாஸ்ரர் உழவு மிசினிலை கிழங்கோடை வந்து சங்க வாசலிலை நிண்டு, "பிள்ளை, உதை நான் உரிச்சுப் பார்த்திட்டன், வெங்காயம் ஒண்டையும் காணேல்லை" எண்டாராம். எல்லாரும் சிரிச்சவை. மனேச்சர் சிரிக்கேல்லை. வாற திங்கள் நான் பக்கத்திலை இருந்து பார்ப்பன், பிழைச்சால் அந்தக் கதிரைக்கு வேறை ஆளைப் போடுவன் எண்டு சொல்லிப்போட்டார். அவள் பதினாறு வருசமாய் இருக்கிற கதிரை. வீட்டை வந்து தேத்தண்ணியும் குடியாமல் படுத்திட்டாள்.

பேத்தி கம்பஸாலை லீவிலை வந்து நிண்டவள். வீட்டிலை கிடக்கிற கொம்பியூட்டரிலை அம்பைப் பெருப்பிச்சுப் பார்த்தாள். பெருத்த அம்பு பேரையே மறைக்குது. "இது தெரியுது, இப்ப பேர் தெரியேல்லை" எண்டு மகள் அழுகிறாள்.

நான் அந்த நேரம் கொக்கத்தடியாலை முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டு நிக்கிறன். என்ரை கண்ணும் என்ன பெரிய கண்ணே? தடி நுனியிலை வளைஞ்சு கிடக்கிற கத்திக் கொக்கை இலையுக்கை போனால் எனக்குத் தெரியாது. அதுக்காண்டி கொக்கைக்குக் கீழை ஒரு சிவப்புத் துணி கட்டி வைச்சிருக்கிறன், என்ரை கிழிஞ்ச கூறைச்சீலைக் கரை. என்ரை மனிசன் கண்டால் பேசும் எண்டு ஒளிச்சுக் கட்டினது. இப்ப அந்தாள் போய்ச் சேர்ந்திட்டுது, பேச ஆளில்லை. அந்தத் துணி எங்கை நிண்டாலும் தெரியும். துணியைப் பிடிச்சால் கொக்கையைப் பிடிக்கலாம்.

தடியோடை உள்ளுக்கை வந்து, "எடி, உந்த அம்பை எறிஞ்சுபோட்டு ஒரு கொக்கத்தடியை வையன்" எண்டன்.

பேத்தி, "அம்மம்மா, முதல் தடியை வெளியிலை வையுங்கோ, பல்ப் உடையப்போகுது" எண்டாள். பேந்து கொஞ்சம் யோசிச்சிட்டு, "வைக்கலாம்தான்" எண்டாள்.

வைக்கலாமாம் பிள்ளை! அந்த அம்பு கடவுள் தந்ததில்லையாம். ஆரோ கீறினதாம். நாங்களும் கீறலாமாம். எனக்கு இவ்வளவு காலமும் ஒருத்தரும் சொல்லேல்லை.

ஸ்கிறீனிலை சதுரக் கொப்பி மாதிரி ஒண்டைத் திறந்தாள். குறுக்காலை முப்பத்திரண்டு பெட்டி, நெடுக்காலை முப்பத்திரண்டு. எழுத்துத் தெரியாட்டிலும் எனக்கு எண்ணத் தெரியும், பனையோலைப் பாய் இழைச்ச கை. ஒவ்வொரு பெட்டியாய் நிறம் விடவேணும். நிறம் விடாத பெட்டி கண்ணாடி மாதிரி, பின்னாலை கிடக்கிறது தெரியும். மேலை மூலையிலை கொக்கை, அதிலையிருந்து தடி சரிஞ்சு கீழை வருகுது. மெல்லிய தடி, பேரை மறைக்காது. எல்லாத்துக்கும் சுத்திக் கறுப்புக் கரை. சிவப்பிலைதான் சண்டை. அவள் விட்டது மிளகாய்ப் பழச் சிவப்பு. "இது எங்கடை சிவப்பில்லை" எண்டு தடியிலை கிடந்த துணியை அவிட்டுக் கொண்டுவந்து ஸ்கிறீனுக்குப் பக்கத்திலை பிடிச்சன். நாலு தரம் மாத்தினவள். "கடையிலை சீலை எடுக்கிற மாதிரி நிக்கிறியள்" எண்டாள்.

மகளைக் கூப்பிட்டம். வந்து மவுஸைப் பிடிச்சாள். "அம்மா, தெரியுது!" எண்டாள். எனக்கு உச்சந்தலையிலை தண்ணி வார்த்த மாதிரி.

ஆனால் அமத்தினால், பிழை! தொட்ட பேரை விட்டிட்டு அதுக்கு மேல் வரியிலை இருக்கிற பேரை எடுக்குது. திரும்ப அமத்தினாள், திரும்பவும் பிழை. பேத்தி சொல்லுறாள், "அம்மா, கூர் நுனியாலை தொடுங்கோ, நுனியிலைதான் அமத்திற புள்ளி வைச்சிருக்கிறன்." மகள், "நுனியாலைதானேயடி தொடுறன்" எண்டு கத்துறாள். தாயும் மகளும் பிடுங்குப்படுகினம். மகள் எழும்பி, "விடு, எனக்கு இனி உது சரிவராது" எண்டு குசினிக்கை போட்டாள்.

நான் அவளின்ரை கையைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். அவள் நுனியாலை தொடேல்லையடி. பேரைக் கொண்டுபோய்க் கொக்கையின்ரை வளைவுக்கை விட்டுத்தான் அமத்தினவள். சின்னனிலையிருந்து மாங்காய் பிடுங்கின கை வேறை என்ன செய்யும்? நீ சொல்லு, நுனியாலை குத்தி ஆராவது முருங்கைக்காய் பிடுங்குவினமே? காம்பு வளைவுக்கை வந்தால்தான் இழுப்பம். அம்புக்கு நுனி. கொக்கத்தடிக்கு வாய்.

"பேத்தி, உன்ரை புள்ளியை வாய்க்கை மாத்து" எண்டன்.

"அம்மம்மா, எல்லா இடமும் நுனியிலைதான்…"

"எல்லா இடமும் கொக்கத்தடியோ வைச்சிருக்கினம்?"

சிரிச்சுக்கொண்டு மாத்தினாள். தாயைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து இருத்தினம். வரிசையாய்ப் பத்துப் பேரை அமத்தினாள். பத்தும் சரி. பேந்து பேத்தி வேணுமெண்டு நெருக்கி நெருக்கிப் பேர் போட்டவள், அதுவும் சரி. அண்டைக்கு இரவு மூண்டு பேரும் புட்டும் முருங்கைக்காய்க் குழம்பும் சாப்பிட்டம். மகள் ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டவள்.

இண்டைக்கு விடிய அந்தக் கொக்கத்தடியை கொம்பியூட்டரிலை செருகிற, விரல் மொத்தத்திலை ஒரு சின்னக் குச்சிக்கை ஏத்திக் கொண்டுபோனவள். எனக்கு அதுதான் அதிசயம். இவ்வளவு பெரிய தடியைக் கைப்பையுக்கை…

பொறு, போன் அடிக்குது. உந்தப் பச்சையை அமத்திவிடு.

ஓம் மோனை… ஓம்… எல்லாப் பேரையுமோ? ஒண்டும் பிழைக்கேல்லையோ?… ஆ?… அவர் என்ன சொன்னவர்?… நல்லாச் சொன்னார்! ஓம், ஓம், வா.

கேட்டியே! காலமை வந்த அவ்வளவு பேரையும் சரியாய்ப் பதிஞ்சிட்டாளாம். மனேச்சர் பக்கத்திலை இருந்து பார்த்தவராம். கதிரை அவளுக்குத்தானாம். அந்தாள் கடைசியிலை, "உந்தத் தடியை என்ரை மிசினிலையும் போட்டுவிடு பிள்ளை" எண்டு கேட்டிருக்கிறார், அவருக்கும் அம்பு தெரியிறேல்லையாம்! இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்திருக்கிறார், கள்ளன்.

பசிக்குதாம், முருங்கை இலை வறை வேணுமாம். பஸ் வரப்போகுது, நான் உன்னோடை கதைச்சுக்கொண்டு இருக்கிறன். எழும்பு பிள்ளை. அந்த ஸ்கிறீனுக்குப் பக்கத்திலை துணி கிடக்கும், எடுத்துக்கொண்டு வந்து தடியிலை கட்டிவிடு, அது இல்லாமல் எனக்குக் கொக்கை தெரியாது. இறுக்கிக் கட்டு. இன்னும் கொஞ்சம் மேலை. ஆ, காணும், தடியை இஞ்சை தா. நீ சுளகைப் பிடிச்சுக்கொண்டு கீழை நில்.