சிவப்பு மூடி உருகிய ஸ்கூட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை என் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சாவியைப் போட்டேன். துணியோடு அதன்மேல் கை வைக்கப் போனவள் சட்டென்று இழுத்துக்கொண்டேன். சுடும் என்று கைக்கு நினைப்பு. சுடவில்லை. இப்போது வரும் விளக்குகள் அப்படித்தான், எரிவதே தெரியாமல் எரிகின்றன. ஆனால் அதற்குள் என் மூக்குக்கு ஒரு வாசனை வந்துவிட்டது. உருகும் பிளாஸ்டிக்கும் சங்கரா மீனும் கலந்த வாசனை. அப்படியொரு வாசனை இருப்பதே உங்களுக்குத் தெரிந்திருக்காது. என் பத்தாம் வகுப்பு முழுக்க அந்த வாசனைதான்.

அப்போது எங்களிடம் பழைய கியர் ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. என் அப்பா, நைனா, வாங்கியது. அவர் விசைப்படகில் கடலுக்குப் போனால் கரைக்குத் திரும்ப ஒரு வாரமாவது ஆகும். அதுவரை வண்டி வாசலில் உப்புக்காற்று குடிக்கும். அதைப் பார்த்துப் பொறுக்காமல் அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டாள். காசிமேட்டில் மீன் எடுத்து, பெட்டியைக் கால் வைக்கும் இடத்தில் ஏற்றிக்கொண்டு, ஈரச்சாக்கு போர்த்தி, பின்னால் என்னை உட்கார வைத்துக்கொள்வாள். திருவொற்றியூரில் என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு எர்ணாவூர் வீடுகளுக்கு விற்கப் போவாள். அதற்கு முன்பெல்லாம் தலையில் கூடைதான். ஷேர் ஆட்டோக்காரர்கள் கூடையைப் பார்த்தாலே நிற்காமல் போவார்கள்.

அந்த வண்டியில்தான் பின்விளக்கு மூடி உருக ஆரம்பித்தது. பல்பும் அடிக்கடி போனது. தண்டையார்பேட்டை மெக்கானிக் பாய் பல்பை மாற்றினார், வயரை மாற்றினார். வேறு கம்பெனி பல்பு போட்டும் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் கீதுக்கா" என்று ஒவ்வொரு முறையும் அம்மாவை அனுப்பிவைப்பார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மின்னோட்டவியல் பாடம் படித்தவள் நான் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. "வோல்டேஜ் ஜாஸ்திம்மா" என்றேன். எதனால் ஜாஸ்தி என்று அவள் கேட்காதது என் நல்ல காலம்.

அம்மாவின் தம்பி தேசிங்கு மாமாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

"பொம்பளைங்க பிரேக் மேல கால வெச்சிகினே ஓட்டுவாங்க. பல்பு இன்னா பண்ணும், பாவம்?"

"நான் கால வெச்சத நீ பாத்தியாடா?"

"பாக்கணுமா இன்னா? மூடி சொல்லுது. மச்சான் கரைக்கு வரட்டும்கா, இத வித்துடலாம். என்னிக்காவது ரோட்டுல பத்திக்கப் போவுது."

நைனா அந்த வாரக் கடைசியில் வருவதாக இருந்தது. அம்மா பழைய கூடையைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவி வைத்ததைப் பார்த்தேன்.

மறுநாள் காலை எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை. எங்களுக்குப் பின்னால் ஊர்ந்துவந்த டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"யக்கோவ், அப்பலேர்ந்து பின்னாலயே வந்துகினு கீறேன். பிரேக்க வுடவே மாட்டியா? நிக்கிறியா போறியா, ஒண்ணு சொல்லு."

"காலு பிரேக்குலயே இல்ல. கண்ண தொடச்சிகினு பாரு."

"என் கண்ணு சோக்கா கீது. உன் வெளக்கு எரியுது, எறங்கிப் பாரு."

அம்மா ஓரம் கட்டினாள். நான் இறங்கிப் பார்த்தேன். பின்விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அம்மா இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிய பிறகும் எரிந்தது. ஈரச்சாக்கைத் தூக்கினாள். மீன்பெட்டியின் மூலை பிரேக் மிதிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. சக்கரத்தைப் பிடிக்கிற அளவுக்கு இல்லை, விளக்கை எரியவைக்கிற அளவுக்கு. பாயிடம் எப்போதும் காலி வண்டியைத்தானே கொண்டுபோனோம்? அம்மா பெட்டியை இடது பக்கம் நகர்த்தினாள். விளக்கு அணைந்தது.

"தெனம் இத யாருடி ஏத்துறது?" என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் கேட்கவில்லை. காசிமேட்டில் தினமும் பெட்டியை ஏற்றிவிடுவது மாமாதான். முழங்காலால் இரண்டு இடி இடித்து, "இனிமே நவுராது பாரு" என்று தட்டிக்கொடுத்து அனுப்புவார்.

அன்று சாயங்காலம் காலிப்பெட்டியை வண்டியில் வைத்து மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மாமா பெட்டியை நகர்த்தினார், மறுபடி வைத்தார், விளக்கைப் பார்த்தார். அப்புறம் டீ குடிக்கப் போய்விட்டார். நைனா வந்து வண்டியைப் பற்றிக் கேட்டதும் மாமாவே முந்திக்கொண்டார்: "சின்ன கோளாறு மச்சான். கண்டுபுட்சிட்டோம்." அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். கழுவி வைத்த கூடையில் வெங்காயம் போட ஆரம்பித்தாள்.

அவள் இன்னும் பல வருடம் ஓட்டினாள். மூட்டுவலி வந்து நிறுத்திய பிறகு வண்டியைப் பார்க்க ஓர் ஆள் வந்தான். "பொம்பள ஓட்டுன வண்டியா? அப்போ கிளட்ச் காலி" என்று விலையைக் குறைக்கப் பார்த்தான்.

மாமா சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "எங்கக்கா ஓட்டுன வண்டி இது. நீ வேற எடம் பாருபா."

அதன்பின் யார் வந்தாலும் விற்க விடவில்லை. வண்டி வாசலிலேயே துருப்பிடித்து நின்றது. பிறகு சாலையை அகலப்படுத்த வாசலை எடுத்துக்கொண்டார்கள். வண்டியை இரும்புக்கடைக்காரர் தள்ளிக்கொண்டு போனார். மாமா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். இருந்திருந்தால் வாசலையும் அவ்வளவு சுலபத்தில் கொடுத்திருக்க மாட்டார்.