பிளாட்பார ஓரத்தில் முருகன் நிறுத்திய கால்

ஸ்டேஷன்ல தண்டவாளம் மாத்தப் போறாங்க, சில மாசத்துக்கு ரயில் கம்மியாத்தான் ஓடும்னு அறிவிப்பு வந்தப்ப மத்தவங்க சலிச்சிக்கிட்டாங்க. நான் பயந்துட்டேன்.

என் பேரு புஷ்பா. நம்ம கோயில் வெள்ளிக்கிழமை பஜனையில கடைசி வரிசையில, மடியில வெள்ளைக்கோலை வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன், பாத்திருப்பீங்க. கண் நரம்புல வந்த வியாதியில, கல்யாணம் காட்சி எதுவும் ஆகறதுக்கு முன்னயே எனக்குப் பார்வை முழுசாப் போயிருச்சு. இப்ப பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு மசாஜ் கடையில வேலை செய்யறேன். அங்க வேலை செய்யற எல்லாருமே கண் தெரியாதவங்கதான். தினமும் கிள்ளான்ல கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துல இருக்கற பெரிய ஸ்டேஷன்ல இறங்கி, தனியா நடந்து கடைக்குப் போவேன்.

அந்த 'தனியா'ங்கற வார்த்தைக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்ல. எங்க அண்ணன் கணேசன் தங்கமான மனுஷன். ஆனா அவருக்கு நான் வீட்டுலயே இருக்கணும். "நான் இருக்கேன்லா, நீ எதுக்கு அலையற?"ன்னு கேப்பாரு. நான் பிடிவாதமா வழி கத்துக்கிட்டேன். எங்களை மாதிரி ஆளுங்களுக்காகத் தரையில பதிச்ச மேட்டுக் கல்லு எங்க தொடங்குது, எங்க திரும்புதுன்னு என் காலுக்குத் தெரியும். ரொட்டிக் கடை வாசம் வந்தா இடது பக்கம். எஸ்கலேட்டர் சத்தம் பின்னால போச்சுன்னா வாசல் வந்தாச்சு. எங்க வீட்டு அடுப்படி மாதிரி அந்த ஸ்டேஷன் எனக்குப் பழக்கம்.

ரிப்பேர் ஆரம்பிச்சதும் அந்த அடுப்படிய யாரோ புரட்டிப் போட்ட மாதிரி ஆயிருச்சு. ரயில் வேற பிளாட்பாரத்துல வந்து நின்னுச்சு. மேட்டுக் கல்லு பாதி வழியில, வேலை நடக்கற இடத்தை மறைச்சு அடிச்ச பலகைக்கு அடியில போயி மறைஞ்சிருச்சு. ரயில் கம்மியானதால ஒவ்வொரு ரயில்லயும் பிதுங்கற கூட்டம். எல்லாத்தையும் விட மோசம் மெஷின் சத்தம். உங்களுக்குப் பனிமூட்டம் எப்படியோ, எங்களுக்கு அந்தச் சத்தம் அப்படி. அதுக்குள்ள மாட்டினா எந்தப் பக்கம் போறோம்னே தெரியாது.

மொத வாரமே முட்டியில அடிபட்டு வீட்டுக்கு வந்தேன். மருந்து போட்டுக்கிட்டே அண்ணன் சொன்னாரு: "போதும் புஷ்பா. ரிப்பேர் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

எனக்குத் தெரியும், அந்த 'அப்புறம்' வராது. ஒரு தடவை வீட்டுல உக்காந்துட்டா தைரியமும் கூடவே உக்காந்துரும்.

அன்னைக்கு முருகன் படத்துக்கு முன்னால நின்னு அழுதேன். என்னால அவன் முகத்தைப் பாக்க முடியாது, சந்தன வாசத்தை வச்சுத்தான் நிப்பேன். "முருகா, கண்ணைக் குடுன்னு உன்னை நான் நச்சரிச்சதில்ல. இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் நடந்த வழிய எனக்குத் திருப்பிக் குடு. என்னை வீட்டுல உக்கார வச்சிராத." அவ்வளவுதான் என் வேண்டுதல். விரதம், காவடி எதுவும் நேந்துக்கல.

ரெண்டு மூணு நாள் கழிச்சு, சாயங்காலம் நல்ல மழை. வேலை முடிஞ்சு ஸ்டேஷனுக்கு வந்தேன். கூரையில மழை கொட்டற சத்தத்துல அறிவிப்பு ஒண்ணும் காதுல விழல. ரயில் வந்துருச்சுன்னு யாரோ கத்தினாங்க. கூட்டம் ஓடுச்சு. என்னையும் தள்ளிக்கிட்டே போச்சு. அதுல என் கோல் கையை விட்டுப் போயிருச்சு. குனிஞ்சு தேடினா மிதிபடுவேன். சுவர் பக்கமா ஒதுங்கலாம்னு கையை நீட்டிக்கிட்டே நடந்தேன். பலகை கைக்குத் தட்டுப்பட்டுச்சு. அதையே தடவிக்கிட்டுப் போனேன். அந்தப் பலகையில ஒரு கதவு. தண்டவாளக் கட்டைங்களை உள்ள கொண்டுபோறதுக்காக அந்த நேரம் பாத்துத் திறந்து வச்சிருந்தாங்க. எனக்கு அது எப்படித் தெரியும்? பலகை முடிஞ்சிருச்சு, சுத்திப் போற வழி வந்துருச்சுன்னு நெனச்சுத் திரும்பிட்டேன்.

ஈர மண்ணு வாசம் வந்துச்சு. ஸ்டேஷன்ல ஏது மண்ணு? அப்படி நெனச்சப்பவே "முருகா!"ன்னேன். சத்தமாத்தான் கூப்பிட்டிருக்கேன் போல.

"அக்கா! நில்லுங்க! காலை முன்னால வைக்காதீங்க!"

குரல் எனக்குக் கீழயிருந்து வந்துச்சு. என் காலுக்குக் கீழயிருந்து! தூக்கின வலது காலை அப்படியே வச்சிக்கிட்டு நின்னேன்.

"பயப்படாதீங்க. ரயில் எதுவும் வராது. காலைப் பின்னால வைங்க. அப்படித்தான். இன்னும் ஒண்ணு. இடது கைப் பக்கம் கம்பி இருக்கு, பிடிங்க."

பிடிச்சேன். பிடிச்ச அப்புறந்தான் அழுகை வந்துச்சு.

பழைய தண்டவாளத்தைக் கழட்டி, கருங்கல்லையெல்லாம் வாரி, என் உயரத்துக்கு மேல பள்ளம் தோண்டி வச்சிருந்தாங்களாம். கீழ கம்பிங்க நட்டுக்கிட்டு நின்னுச்சாம். பள்ளத்துல நின்ன அந்த மனுஷன் ஏணியில மேல ஏறி வந்தாரு. என் கோலைத் தேடி எடுத்துக் கையில குடுத்தாரு. சுடச் சுட ஒரு கிளாஸ் மைலோ வாங்கிக் குடுத்து உக்கார வச்சாரு.

"நான் தமிழ்னு எப்படிண்ணே தெரிஞ்சு தமிழ்ல கத்துனீங்க?"ன்னு கேட்டேன்.

"நீங்கதானக்கா முருகான்னு கூப்பிட்டீங்க. அதான் நிமிர்ந்தே பாத்தேன். இல்லன்னா குனிஞ்சு வேலை செஞ்சிக்கிட்டுல்ல இருந்திருப்பேன்?"

"உங்க பேரு என்னண்ணே?"

"ஜோசப். காப்பார்ல வீடு."

எனக்கு அழுகையோட சிரிப்பும் வந்துருச்சு. முருகனைக் கூப்பிட்டேன், ஜோசப் வந்தாரு! அதைச் சொன்னதும் அவரும் சிரிச்சாரு. "நான் காலையில மாதாகிட்ட, இன்னைக்கு யாருக்கும் அடிபடக் கூடாதும்மான்னு வேண்டிக்கிட்டுத்தான் இறங்குவேன். ரெண்டு பேரும் பேசி வச்சிருப்பாங்கக்கா."

இதோட முடிஞ்சிருந்தாலே அது பெரிய அருள்தான். ஆனா நான் உயிரை மட்டுமா கேட்டேன்? வழியையும்ல கேட்டிருந்தேன்.

மறுநாள் அண்ணன் கையைப் பிடிச்சிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். ஜோசப் அண்ணே முந்தின நாள் சொல்லி வச்ச மாதிரியே எங்களுக்காகக் காத்திருந்தாரு. கூட அவங்க இன்ஜினியர் ரோஹானி அம்மா, எல்லாரும் மரியாதையா புவான் ரோஹானின்னு கூப்பிடுவாங்க. அந்தம்மா மலாய்ல என்கிட்ட கேட்டாங்க: "நேத்து நீங்க நடந்த மாதிரியே நானும் நடந்து பாக்கணும். என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு என் முழங்கையைப் பிடிச்சாங்க. வாசல்லயிருந்து பிளாட்பாரம் வரைக்கும் ரெண்டு பேரும் நடந்தோம். அவங்க கை சில்லுன்னு ஆயிருச்சு. பாதியில நின்னு, "நீங்க தினமும் இப்படித்தான் வரீங்களா?"ன்னு மெதுவாக் கேட்டாங்க. நான் ஆமான்னேன்.

அடுத்த திங்கக்கிழமை போறேன், தரையில காலுக்குத் தட்டுப்படற மாதிரி தடிமனான ரப்பர் பட்டை! வாசல்லயிருந்து புது பிளாட்பாரம் வரைக்கும், திரும்பற இடத்துலயெல்லாம் ரெண்டு பட்டை சேத்து ஒட்டியிருந்தாங்க. பலகையில இருந்த அந்தக் கதவுக்கு முன்னால ஒரு ஆளு நின்னு, "இந்தப் பக்கம் வழி இல்ல"ன்னு வாயால சொல்லிக்கிட்டே இருந்தாரு. இதையெல்லாம் விட இன்னொண்ணு. வெள்ளைக்கோலோட யாராவது வந்தா, மேல நிக்கறவரு விசில் அடிப்பாரு. கீழ மெஷினை நிறுத்திருவாங்க. நாங்க கடந்து போறவரைக்கும் அத்தனை பேரும் வேலையை நிறுத்திட்டு நிப்பாங்க. வெயில்ல வேகற வேலை, சீக்கிரம் முடிக்கணும்னு நெருக்கடி, அதுக்கு நடுவுல! அந்த அமைதியில என் கோல் தட்டற சத்தம் எனக்கே கேக்கும். கோயில்ல திரை விலகறப்ப ஒரு அமைதி வருமே, எனக்கு அப்படித்தான் இருக்கும்.

எங்க கடை ஆளுங்க மட்டுமில்ல, பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கற கண் தெரியாதவங்க நெறைய பேரு அந்தப் பட்டை மேல நடந்தோம். ரயில் அப்பவும் தாமதமாத்தான் வந்துச்சு. கூட்டமும் குறையல. ஆனா ஒருத்தரும் விழல. ஒரு வாரம் என் பின்னாலயே வந்து பாத்த அண்ணன், ஒரு நாள் கிள்ளான் ஸ்டேஷன் வாசல்லயே நின்னுட்டாரு. "பத்திரமாப் போயிட்டு வா"ன்னாரு. அவரு அப்படிச் சொன்னது அதுதான் மொத தடவை.

ரிப்பேர் முடிஞ்சு ரயிலெல்லாம் பழையபடி ஓட ஆரம்பிச்சப்ப ஜோசப் அண்ணனுக்கு வேற ஊருக்கு வேலை மாறிருச்சு. போறதுக்கு முன்னால என்னைப் புது தண்டவாளம் போட்ட பிளாட்பாரத்துல நிக்க வச்சாரு. "கேளுங்கக்கா"ன்னாரு. ரயில் வந்துச்சு. முன்னாடி அந்த வளைவுல கடகடன்னு ஆடிக்கிட்டு வரும். இப்ப பட்டுத்துணிய இழுத்த மாதிரி வழுக்கிக்கிட்டு வந்து நின்னுச்சு. "நாங்க போட்டது"ன்னு சொன்னாரு. அந்த ரெண்டு வார்த்தையில எவ்வளவு சந்தோஷம்! அவரு கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். காய்ச்சுப் போன கை.

அந்த நாள்லயிருந்து நான் மாறிட்டேன். முன்னயெல்லாம் யார்கிட்டயும் உதவி கேக்க வாயே வராது. இப்ப கேக்கறேன். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் நிமிர்ந்து பாக்கறாங்க. சர்க்கரை வியாதியில பார்வை போன ஒரு லோரி டிரைவர் அண்ணே, எங்க தாமான் குடியிருப்புலயே இருக்காரு. வீட்டை விட்டே வெளிய வராம இருந்தாரு. இப்ப வாரா வாரம் அவரை நான்தான் கோயிலுக்கு நடத்திக் கூட்டிட்டு வரேன். இதோ, என் பக்கத்துல உக்காந்திருக்காரு.

அதனால சொல்றேன். உங்க வீட்டுல என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. மனசுக்குள்ளயே முணுமுணுக்காதீங்க, வாய் விட்டு அவனைக் கூப்பிடுங்க. எந்தப் பேருல, எந்தக் குரல்ல பதில் வரும்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. இன்னைக்கு மனசு உடைஞ்சு வந்தவங்க யாராவது இருந்தா, பூஜை முடிஞ்சதும் கடைசி வரிசைக்கு வாங்க. என் முழங்கையைப் பிடிச்சிக்குங்க. சந்நிதி வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன்.