வலிக்காத கால்

அவன் வேலை பார்த்த பட்டறையில், பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காகப் படியவைக்கும் த்ரீடி பிரிண்டர்கள் ஓடின. கார் கம்பெனிக்குக் கைப்பிடி, மருத்துவமனைக்கு எலும்பு மாதிரி என்று எது கேட்டாலும் செய்து தருவான். கலகலப்பான ஆள், அவன் ஓட்டிய பைக் லாரியில் மோதும் வரை. அதில் மகள் போய்விட்டாள். மனைவிக்கு முழங்காலுக்குக் கீழே கால் போனது. அவனுக்கு வெறும் சிராய்ப்பு.

அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவனை அரித்தது.

வாங்கிய செயற்கைக்கால் அவள் காலைப் புண்ணாக்கியது. மீதிக்கால் உட்காரும் கிண்ணத்தை அவனே அளவெடுத்துப் பிரிண்ட் செய்தான். எங்கே அழுத்துகிறது என்று கேட்டுக் கேட்டு, சலிக்காமல் திரும்பச் செய்தான்.

ஒருநாள் காலையில் அவள் சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை நடந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்லைங்க. நல்லா செஞ்சிருக்கீங்க." வாசற்படியில் உட்கார்ந்தாள். "நான் அண்ணன் வீட்டுக்கே போயிடறேன். உங்க மேல கோபமில்லை. உங்க முகத்தைப் பார்த்தாலே பாப்பாதான் கண்ணு முன்னால நிக்கிறா. என்னால முடியலைங்க."

அவன் தடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே போனான். அவள் கொஞ்சம்கூட நொண்டவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.