இலைக்கு வெட்டிய திராட்சைக் கொடி

கோலாலம்பூரில் காலை ஒன்பதரைக்குப் பேருந்து ஏறினேன். கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தாவுக்கு டிக்கெட் முப்பத்தைந்து வெள்ளி, அதாவது ரிங்கிட். பையில் அம்மா கொடுத்துவிட்ட அதிரசம் இருந்தது, கூடவே ஓர் உத்தரவும்: "அவ முகத்தைப் பாரு. வாடியிருந்தா கையோட கூட்டிக்கிட்டு வந்துரு."

'அவ' என் தங்கை செல்வி. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று வருடமாகிறது. போனில் கேட்டால் நல்லாயிருக்கேன் என்பாள். அடுத்த பேச்சு ஊர்த் திராட்சையைப் பற்றித்தான். நாங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போடுகிறவர்கள்.

மலையடிவாரத் தாப்பா ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டர் வளைவுக்கு மேல் வளைவு. மதியம் இரண்டரைக்கு இறங்கினால் நல்ல சாரல். மாப்பிள்ளை முனியாண்டி லோரியோடு காத்திருந்தார். தோட்டத்தில் அவருக்குக் கவாத்து வேலை. தேயிலைச் செடியை இடுப்பளவில் மட்டமாக வெட்டிவிடுவது.

"தினமும் மழைதானா மாப்பிள்ளை?"

"மத்தியானம் ஆனா வந்துடும் மச்சான். மண்ணும் புளிப்பு மண்ணு. தேயிலைக்கு அதான்லா வேணும்."

சரிவில் தண்ணீர் நிற்காமல் ஓடியது. எங்கள் பக்கம் மேற்கு மலை மழையைத் தடுத்துவிடும். அந்த வெயிலில்தான் பழத்துக்குச் சீனி ஏறும், ஒயின் ஆலைக்காரர்களும் தேடி வருவார்கள். இங்கே மலை மேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்த ஈரத்தில் எங்கள் குலை ஒரு வாரம் தாங்காது, பூசணம் பிடித்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் செல்வி ஒரு திராட்சைக் கொடி வைத்திருந்தாள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பந்தலில் படர வேண்டிய கொடி, இடுப்பளவில் மேசை மாதிரி மட்டமாக நின்றது.

"நாந்தான் வெட்டுறேன் மச்சான்," என்றார் மாப்பிள்ளை பெருமையாக. "ஒரு கொழுந்து மேல நிக்க விட்டதில்ல."

தேயிலையை அப்படி வெட்டினால் இலை நிறையத் துளிர்க்கும். திராட்சைக்கு நாலைந்து கணு விட்டு வெட்டினால்தான் குலை வரும். சொல்ல வாயெடுத்தேன். செல்வி என் முழங்கையைக் கிள்ளினாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் கேட்டேன். "நம்ம தோட்டத்துல கவாத்துன்னா நீதானே முன்னால நிப்ப. உனக்குத் தெரியாதா?"

"மொத வாரமே தெரியும்ணே. இந்த மழையில எப்படி வெட்டுனாலும் காய்க்காது. வாரமெல்லாம் மலையில வெட்டுற மனுசன், ஞாயித்துக்கிழமையும் கத்தியை எடுத்துக்கிட்டு எனக்காக இதுகிட்ட நிக்கிறாரு. வேணாம்னு சொல்லுவேனா?"

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அம்மா பார்க்கச் சொன்ன முகம். வாட்டம் துளியும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள் காலை பேருந்து நிலையத்தில் மாப்பிள்ளை மெல்லக் கேட்டார். "நீங்க திராட்சைக்காரவுங்க. இவ ஆசையா வச்ச கொடி. என் வெட்டுல ஏதாச்சும் பிழை இருக்கா மச்சான்?"

அவருக்குப் பின்னால் செல்வி நின்றாள்.

"ஒரு பிழையும் இல்ல மாப்பிள்ளை. இப்படியே வெட்டுங்க." அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை.

தாப்பா இறக்கத்தில் அம்மா போனில் கூப்பிட்டாள். "கூட்டிக்கிட்டு வர்றியா?"

"இல்லம்மா. நல்லாயிருக்கா."

"எத வச்சுச் சொல்ற?"

"அவ கொடி இன்னும் காய்க்கலம்மா," என்றேன். ஒன்றும் விளங்காமல் அம்மா திட்ட ஆரம்பித்தாள். ஊருக்குப் போய் விவரமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.